மீன் தொட்டியில் நத்தை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நத்தையைப் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: 60 லிட்டர் தொட்டியில் 12 கப்பி மீன்கள் வளர்க்கிறேன். செடி வாங்கிப் போட்டபோது ஒரே ஒரு சின்ன நத்தை ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டே மாதத்தில் கண்ணாடி முழுக்க நத்தை. தினமும் பொறுக்கி எடுக்கிறேன், குறைந்தபாடில்லை. ஒன்று எப்படி இத்தனை ஆனது?

உங்கள் தொட்டிக்கு வந்தது பெரும்பாலும் பிளாடர் நத்தையாகத்தான் இருக்கும். அது ஆணும் பெண்ணும் சேர்ந்த ஓருடல் உயிரி. இணை கிடைக்காவிட்டால் தன்னைத் தானே கருவுறச் செய்து முட்டையிடும். இலையின் அடியிலும் கண்ணாடி மூலையிலும் ஒட்டியிருக்கும் நிறமற்ற வழவழப்பான கட்டிகளைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 10 முதல் 40 முட்டைகள் வரை இருக்கலாம். 25 டிகிரியை ஒட்டிய வெதுவெதுப்பான நீரில் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் பொரித்துவிடும். பொரித்த குஞ்சு ஆறேழு வாரத்தில் தானே முட்டையிடத் தொடங்கும். இரண்டு மாதத்தில் கண்ணாடி நிறைந்துபோனதற்கு இந்தக் கணக்கே போதும்.

ஆனால் இடுகிற முட்டையெல்லாம் பொரித்து, பொரிப்பதெல்லாம் பிழைத்து வளர வேண்டுமென்றால் தின்ன ஏதாவது இருக்க வேண்டும். மீன் விட்டுவைத்த தீனி, அழுகும் இலை, பாசி, அடியில் தேங்கிய கசடு ஆகியவைதான் அதன் உணவு. நூறு நத்தை இருக்கிறதென்றால் நூறு நத்தைக்குப் போதுமான மிச்சம் தொட்டியில் விழுகிறது என்று பொருள். பொறுக்கி எடுத்தும் குறையாததற்குக் காரணமும் இதுவே. பத்தை எடுத்தால், அந்தப் பத்தின் பங்கைத் தின்று குஞ்சுகள் வேகமாக வளர்ந்துவிடுகின்றன.

ஆகவே முதலில் கை வைக்க வேண்டியது தீனி டப்பாவில். இரண்டு நிமிடத்தில் மீன்கள் முழுவதும் தின்று முடிக்கும் அளவு மட்டும், நாளுக்கு ஒரு முறை போடுங்கள். தீனியை விரலால் பொடித்து, இரண்டு மூன்று தவணையாகத் தூவினால் அடியில் விழுவது வெகுவாகக் குறையும். வளர்ந்த மீன்களுக்கு வாரத்தில் ஒரு நாள் தீனி இல்லாமல் விடலாம். அதனால் அவற்றுக்குக் கெடுதல் இல்லை. கப்பி என்பதால் குஞ்சுகள் இருக்கும், அவற்றைப் பட்டினி போடக் கூடாது. தனித் தொட்டியில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள். வாரம் ஒரு முறை 25 முதல் 30 சதவீத நீரை மாற்றும்போது, சைஃபன் குழாயைச் சரளைக்குள் இறக்கிக் கசடை உறிஞ்சுங்கள். மஞ்சளான இலைகளைக் கத்தரித்து வெளியே எடுங்கள்.

இதோடு கீழே சொல்லியிருக்கும் பொறியையும் வைத்தால் நான்கு முதல் ஆறு வாரத்தில் வித்தியாசம் தெரியும். முதல் இரண்டு வாரத்தில் ஒன்றும் மாறவில்லையே என்று கைவிட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே இட்ட முட்டைகள் பொரித்து முடிய அவ்வளவு நாள் ஆகும்.

கேள்வி: எங்கள் தொட்டியில் இருப்பது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாம் ஒன்றுபோலவே தெரிகிறது.

வகை தெரியாமல் வைத்தியத்தில் இறங்கக் கூடாது. ஒன்றுக்குச் சரிப்படுவது இன்னொன்றுக்கு வீண்.

ஓட்டைக் கூர்முனை மேலே இருக்கும்படியும், வாய் உங்களைப் பார்க்கும்படியும் பிடியுங்கள். வாய் இடப்பக்கம் இருந்தால் பிளாடர் நத்தை. ஓடு மெல்லியது, ஒரு சென்டிமீட்டரைச் சுற்றித்தான் வளரும், உணர்கொம்புகள் நூல்போல இருக்கும். வாய் வலப்பக்கம் இருந்து, கொம்புகள் முக்கோணமாகத் தடித்திருந்தால் குளத்து நத்தை. இதில் பெரிய இனங்கள் செடியையும் கடிக்கும்.

கயிற்றைச் சுருட்டி வைத்ததுபோலத் தட்டையாக இருந்தால் ராம்ஸ்ஹார்ன். இதன் குருதியில் ஹீமோகுளோபின் உண்டு, அதனால்தான் சிலவற்றின் உடல் செக்கச்செவேலென்று தெரிகிறது. முட்டைக் கட்டி தட்டையாக, வட்டமாக, இளமஞ்சளாக ஒட்டியிருக்கும்.

நீளமாக, கூம்பாக, ஐஸ்கிரீம் கோன்போல இருந்தால் ட்ரம்பெட் நத்தை. அறிவியல் பெயர் மெலனாய்ட்ஸ் டியூபர்குலேட்டா. இதற்கு முட்டைக் கட்டியே கிடையாது. பெண் நத்தை ஆணில்லாமலே கருவுற்று, ஓட்டோடு கூடிய பொடிக் குஞ்சுகளை ஈனும். பகலில் சரளைக்குள் புதைந்திருந்து இரவில் வெளியே வரும். "பத்துப் பதினைந்துதான் இருக்கிறது" என்று நினைப்பவர்கள் விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். அப்போது தெரிவதுதான் உண்மையான எண்ணிக்கை.

கண்ணாடியில் 3, 4 மில்லிமீட்டர் அளவில் கவிழ்த்த தொப்பிபோல அசையாமல் ஒட்டியிருப்பவை லிம்பெட் நத்தைகள். பாசியைச் சுரண்டித் தின்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது. விட்டுவிடுங்கள்.

கேள்வி: மரத்துண்டிலும் கண்ணாடியிலும் எள்போல வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. சுரண்டினாலும் எளிதில் வரவில்லை. பொரித்தால் என்ன செய்வது?

பொரிக்காது. அவை நெரைட் நத்தையின் முட்டைகள். குஞ்சு வளர உப்புக் கலந்த நீர் தேவை, நன்னீரில் பிழைக்காது. கண்ணை உறுத்தினால் கண்ணாடியில் இருப்பதை பிளேடால் சுரண்டுங்கள். அக்ரிலிக் தொட்டியில் பிளேடு கோடு போட்டுவிடும், பழைய பிளாஸ்டிக் அட்டையைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: பொறி வைத்துப் பிடிப்பது எப்படி? வெள்ளரித் துண்டு போட்டேன், காலையில் பார்த்தால் ஒரு நத்தைகூட இல்லை, தண்ணீர்தான் கலங்கியிருந்தது.

இரண்டில் ஒரு தவறு நடந்திருக்கும். பச்சைத் துண்டு மிதந்திருக்கலாம், அல்லது அன்று மாலை மீனுக்குத் தீனி போட்டிருக்கலாம். வயிறு நிறைந்த நத்தை பொறியைத் தேடி வராது.

பொறி வைக்கும் நாளில் மீனுக்குத் தீனி வேண்டாம். வெள்ளரியை அரை சென்டிமீட்டர் தடிமனில் வெட்டி, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து ஆறவிடுங்கள். துருப்பிடிக்காத எஃகு முள்கரண்டியைக் குத்தி, அதன் எடையில் அடியில் நிற்கும்படி இறக்குங்கள். லெட்யூஸ் இலையையும் இப்படியே போடலாம். விளக்கை அணைக்கும்போது வைத்து, மறுநாள் காலை விளக்கைப் போடும் முன்பே எடுத்துவிட வேண்டும். விளக்கு எரியத் தொடங்கிவிட்டால் ட்ரம்பெட் நத்தைகள் மீண்டும் மண்ணுக்குள் போய்விடும். எடுக்கும்போது அடியில் ஒரு வலையைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தூக்குங்கள். சடாரென்று இழுத்தால் பாதி நத்தை உதிர்ந்துவிடும். 12 மணி நேரத்துக்கு மேல் துண்டை உள்ளே விட்டால் கரைந்து நீரைக் கெடுக்கும், மிச்சத்தைத் தின்று நத்தையும் கொழுக்கும். உங்கள் தண்ணீர் கலங்கியதற்குக் காரணம் இதுதான்.

நத்தை மிக அதிகமாக இருந்தால் பாட்டில் பொறி நல்லது. சிறிய பிளாஸ்டிக் பாட்டிலில் நத்தை நுழையும் அளவு, அதாவது 6 முதல் 8 மில்லிமீட்டர் துளைகளைக் கீழ்ப்பகுதியில் போடுங்கள். உள்ளே இரண்டு கூழாங்கல்லும் மூழ்கும் தீனி வில்லை ஒன்றும் இட்டு, படுக்க வைத்து மூழ்கடியுங்கள். துளை இதைவிடப் பெரிதானால் சிறு மீனும் இறாலும் நுழைந்து மாட்டிக்கொள்ளும். துளையின் விளிம்பு கூராக இருந்தால் மீனின் உடல் கிழியும், உப்புத்தாளால் தேய்த்து விடுங்கள்.

வாரம் மூன்று இரவு, நான்கு வாரம் விடாமல் செய்ய வேண்டும். ஒரு முறை வைத்துவிட்டு நிறுத்துவதில் பயனில்லை.

கேள்வி: நத்தையைத் தின்னும் மீன் வாங்கி விட்டால் போதாதா? கிளவுன் லோச் நல்லது என்கிறார்கள்.

கிளவுன் லோச் நத்தையைத் தின்னும் என்பது உண்மை. அது 30 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது என்பதும், ஐந்தாறாகக் கூட்டமாக வைத்தால்தான் நலமாக இருக்கும் என்பதும், 20 ஆண்டுக்கு மேல் வாழக்கூடியது என்பதும் அதே அளவுக்கு உண்மை. 60 லிட்டர், 100 லிட்டர் தொட்டியில் அதை விடுவது, ஒரு மாதத் தொல்லைக்காக ஓர் உயிரை ஆயுள் முழுக்க நெருக்கடியில் அடைப்பது. செய்யாதீர்கள்.

யோயோ லோச் 12 முதல் 15 சென்டிமீட்டர் வளரும், சாதுவான சிறு மீன்களைத் துரத்தும். இடவசதி குறைவானவர்களுக்கு ஓரளவு பொருந்துவது 5, 6 சென்டிமீட்டரில் நின்றுவிடும் குட்டிச் சங்கிலி லோச். அதையும் ஆறுக்குக் குறையாமல் வைக்க வேண்டும். பீ பஃபர் விரல்நுனி அளவுதான், நத்தையை விரும்பித் தின்னும். ஆனால் மற்ற மீன்களின் வாலையும் துடுப்பையும் கடித்துவிடும். கப்பி இருக்கும் தொட்டியில் அதற்கு இடமே இல்லை. ட்ரம்பெட் நத்தையின் கெட்டி ஓடு அதன் பல்லுக்கும் ஆகாது.

எந்த மீனாக இருந்தாலும், நத்தை தீர்ந்த மறுநாளும் அதற்குப் பசிக்கும். அந்த மீனை அதற்காகவே வளர்க்க விருப்பம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: நத்தையைத் தின்னும் நத்தை இருக்கிறதாமே? அது பெருகிவிட்டால்?

அசாசின் நத்தை. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட கூம்பு ஓடு, 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை வளரும். மண்ணுக்குள் புதைந்து வேட்டையாடும் என்பதால் ட்ரம்பெட் நத்தைக்கு இதைவிடப் பொருத்தமான எதிரி சிறு தொட்டியில் கிடையாது. 60 லிட்டருக்கு 4 முதல் 6 போதும். அடித்தளம் மணலாகவோ பொடிச் சரளையாகவோ இருக்க வேண்டும், பருங்கல்லில் அதனால் புதைய முடியாது. ஒரே வாரத்தில் மாயம் நடக்காது. இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

பெருகும், ஆனால் மெதுவாக. இதில் ஆண் வேறு, பெண் வேறு. ஒவ்வொரு முட்டையையும் தனித்தனியாக, ஒளி ஊடுருவும் சிறு சதுர உறையில் இடும். குஞ்சு பெரிதாகப் பல மாதம் ஆகும். நீங்கள் ஆசையாக வளர்க்கும் நெரைட், மிஸ்டரி நத்தைகளையும் அது விட்டுவைக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வளர்ந்த இறால்களை வழக்கமாகத் தொடுவதில்லை. பொடிக் குஞ்சு சிக்கினால் தின்னலாம்.

கேள்வி: நத்தை ஒழிக்கும் மருந்து ஊற்றினேன். இரண்டாம் நாள் நீர் பால்போல வெளுத்து நாற்றம் அடிக்கிறது, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. நத்தைகள் செத்துக் கிடக்கின்றன. என்ன செய்வது?

இதைப் படித்த உடனே செய்ய வேண்டியது: பாதி நீரை மாற்றுங்கள். புது நீரில் குளோரின் நீக்கி கலந்திருக்க வேண்டும், வெப்பநிலை பழைய நீரோடு ஒத்திருக்க வேண்டும். காற்றுக்கல் இல்லையென்றால் ஃபில்டரின் வாயை மேலே திருப்பி நீர்ப்பரப்பு நன்றாகக் கலங்கும்படி செய்யுங்கள். செத்த நத்தைகளை சைஃபனாலும் கையாலும் ஒன்றுவிடாமல் எடுங்கள், ஓட்டுக்குள் இருப்பது அழுகிக்கொண்டே இருக்கும். மூன்று நாள் தீனி வேண்டாம். ஃபில்டரில் புதிய ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். தாமிரத்தைப் பிடித்து வைக்கும் தனி ஊடகம் கிடைத்தால் அதுவே மேல். அமோனியா சோதனைத் திரவத்தால் தினமும் பாருங்கள். லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் காட்டினாலும் மறுபடி 30 முதல் 50 சதவீதம் மாற்ற வேண்டும். அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாகும் வரை இது தொடர வேண்டும். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள். அதில் வாழ்ந்து அமோனியாவைக் குறைக்கும் நல்ல பாக்டீரியா அழிந்துவிடும், அது இப்போதுதான் மிகவும் தேவை.

நடந்தது என்னவென்றால், சில நூறு நத்தைகள் ஒரே நேரத்தில் செத்து அழுகின. அழுகல் அமோனியாவைக் கூட்டியது, நீரிலிருந்த ஆக்சிஜனையும் பாக்டீரியா தின்று தீர்த்தது. வெளுத்த நிறம் அந்தப் பாக்டீரியாப் பெருக்கம்தான்.

மற்ற வாசகர்களுக்கு: இவ்வகை மருந்துகள் பலவற்றில் இருப்பது தாமிரம், மயில்துத்தம் என்று நாம் அறிந்த தாமிர சல்பேட் அல்லது அதன் உறவுப் பொருள். நத்தையைக் கொல்லும் அளவுக்கும் மீனை வதைக்கும் அளவுக்கும் இடைவெளி குறுகலானது. தாது உப்புகள் குறைந்த மென்னீரில் அந்த இடைவெளி இன்னும் சுருங்கிவிடும். இறால் அடியோடு சாகும். லோச், கோரிடோராஸ் (சிறு கெளுத்தி வகை) போன்ற மீன்கள் எளிதில் பாதிக்கப்படும். தாமிரம் மண்ணிலும் சரளையிலும் படிந்து தங்கி, பின்னாளில் நீரின் அமிலத்தன்மை கூடும்போது மீண்டும் கரைந்து வரலாம்; பல மாதம் கழித்து விட்ட இறால் காரணம் தெரியாமல் சாவது இதனாலும் நேரும். இத்தனைக்கும் ட்ரம்பெட் நத்தை ஓட்டின் மூடியை இறுக அடைத்துக்கொண்டு மண்ணுக்குள் தப்பித்துவிடும். மீன் வாழும் தொட்டியில் நத்தை மருந்து ஊற்றாதீர்கள் என்பதே எங்கள் உறுதியான பதில்.

கேள்வி: உப்புப் போட்டால் நத்தை சாகுமா?

மீனும் செடியும் தாங்கும் அளவு உப்பில் பலன் இல்லை. ட்ரம்பெட் நத்தை உவர்நீரிலேயே வாழும்.

கேள்வி: புதுச் செடிகளோடு நத்தை வராமல் தடுக்க என்ன வழி? பெர்மாங்கனேட்டில் முக்கித்தான் போட்டேன், அப்படியும் வந்துவிட்டது.

பொட்டாசியம் பெர்மாங்கனேட் சில நத்தைகளையும் கிருமிகளையும் கொல்லும். வழவழப்பான உறைக்குள் இருக்கும் முட்டையை நம்பகமாகக் கொல்லாது. வந்தது முட்டையிலிருந்துதான்.

முதலில் கையால் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். செடியோடு வந்த சிறு சாடி, பஞ்சு, ஈயப் பட்டை எல்லாவற்றையும் அகற்றி, ஓடும் நீரில் ஒவ்வொரு இலையையும் திருப்பி அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். முட்டைக் கட்டி வழுக்கும். அந்த இலையையே கிள்ளிப் போடுவது நல்லது.

அடுத்து படிகாரம். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, ஏறக்குறைய 5 கிராம், வெதுவெதுப்பான நீரில் முழுதும் கரைத்து ஆறவிட்டு, செடியை 2 முதல் 3 நாள் ஊற வையுங்கள். பிறகு நன்றாக அலசி, வெறும் நீரில் ஒரு நாள் வைத்துத் தொட்டியில் நடலாம். மெதுவான வழி, ஆனால் செடிக்கு நோகாது. அவசரம் இல்லாதவர்களுக்கு நாங்கள் சொல்வது இதையே.

ப்ளீச் வேகமானது, தவறினால் செடி போய்விடும். வாசனையோ சோப்போ கலக்காத, 5 முதல் 6 சதவீத வீட்டு ப்ளீச் ஒரு பங்கு, நீர் 19 பங்கு. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்ற தடித்த இலைகளுக்கு 2 நிமிடம், தண்டுச் செடிகளுக்கு 60 முதல் 90 நொடி. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள், கணிப்பில் விடாதீர்கள். உடனே ஓடும் நீரில் அலசி, வழக்கத்தைவிட மூன்று நான்கு மடங்கு குளோரின் நீக்கி கலந்த நீரில் 10 நிமிடம் வையுங்கள். மூக்கருகில் பிடித்தால் ப்ளீச் வாடை அறவே இருக்கக் கூடாது. பாசிச்செடி, வாலிஸ்னேரியா, ஹார்ன்வொர்ட் போன்ற மெல்லியவை இதைத் தாங்காது. கையுறை அணியுங்கள், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், ப்ளீச்சோடு வினிகரையோ வேறு துப்புரவுத் திரவத்தையோ சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

எதில் முக்கினாலும் கடைசிக் காவல் தனிமைதான். மீனில்லாத வாளியிலோ சிறு தொட்டியிலோ வெளிச்சம் தந்து நான்கு வாரம் வையுங்கள். தப்பிய முட்டை அதற்குள் பொரித்துக் குஞ்சு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்துவிடும். ஆய்வகத்தில் திசு வளர்ப்பில் உருவாகி மூடிய கோப்பையில் வரும் செடிகளில் நத்தையும் இருக்காது, முட்டையும் இருக்காது. புதிதாகத் தொட்டி அமைப்பவர்கள் அதையே வாங்குவது பிற்காலத் தொல்லையைத் தவிர்க்கும்.

கேள்வி: ஃபில்டர் 'கரகர' என்று சத்தம் போடுகிறது, நீர் வரத்தும் குறைந்துவிட்டது. நத்தை காரணமா?

நத்தை உள்ள தொட்டியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு இம்பெல்லரை, அதாவது நீரை உந்தும் சுழல் இறக்கையை, உருவிப் பாருங்கள். காந்தத் தண்டைச் சுற்றியோ அது உட்காரும் குழியிலோ ஓடு சிக்கியிருக்கும். பழைய பல்துலக்கியால் சுத்தம் செய்து, தண்டின் அச்சு வளையவில்லையா, இறக்கை உடையவில்லையா என்று பார்த்து மாட்டுங்கள். இனி வராமலிருக்க, உறிஞ்சும் குழாயின் வாயில் துளையுள்ள பஞ்சு உறை ஒன்றைச் செருகி, வாரந்தோறும் தொட்டி நீரிலேயே பிழிந்து கழுவுங்கள்.

கேள்வி: ட்ரம்பெட் நத்தைகள் எல்லாம் இன்று பகலிலேயே நீர்மட்டத்துக்கு ஏறி நிற்கின்றன. என்றும் இல்லாத காட்சி.

நீரைச் சோதியுங்கள், இன்றே. மண்ணுக்குள் இருக்க வேண்டியவை கூட்டமாக மேலேறினால் பெரும்பாலும் அடியில் ஆக்சிஜன் குறைந்திருக்கும், அல்லது அமோனியா, நைட்ரைட் கூடியிருக்கும். மீன் அறிகுறி காட்டும் முன்பே நத்தை காட்டிவிட்டது. எங்கோ ஒரு மீன் செத்து அழுகுகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் பிரித்துக் கழுவி, புதிதாகத் தொடங்கினால் நத்தை ஒழியுமா?

பிளாடர், ராம்ஸ்ஹார்ன் என்றால் ஒழியலாம். ட்ரம்பெட் என்றால் ஈரமான சரளையில் ஒரு குஞ்சு ஒளிந்திருந்தாலும் கதை தொடரும். மூடியை அடைத்துக்கொண்டு நீரில்லாமல் பல நாள் உயிரோடு இருக்கும். பழைய சரளைதான் வேண்டுமென்றால் பகுதி பகுதியாக 10 நிமிடம் நீரில் கொதிக்க வைத்து, பிறகு மெல்லிய படலமாகப் பரப்பி நன்கு காயவிடுங்கள். பெரிய கற்களைக் கொதிக்க வைக்காதீர்கள், உள்ளே ஈரம் இருந்தால் வெடிக்கும். ஃபில்டர் ஊடகத்தையும் சேர்த்துக் கழுவிக் கொதிக்க வைத்தால் நல்ல பாக்டீரியா முழுதும் அழியும், அது மீண்டும் வளர்ந்து தொட்டி மீனுக்கு ஏற்றதாக மறுபடி நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன்களை எங்கே வைப்பீர்கள் என்று யோசித்துவிட்டுப் பிரியுங்கள். நத்தை மட்டுமே காரணமென்றால் தொட்டியைப் பிரிக்கத் தேவையில்லை.

கேள்வி: செடியில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. நத்தைதானே தின்கிறது?

பிளாடர், ராம்ஸ்ஹார்ன், ட்ரம்பெட் மூன்றும் நலமான இலையைவிட ஏற்கெனவே செத்த திசுவையே நாடும். பழைய இலையில் முதலில் மஞ்சள் புள்ளி, பிறகு ஓட்டை என்றால் பொட்டாசியம் பற்றாக்குறையாக இருக்கலாம். உரத்தைச் சரிசெய்யுங்கள். ஒரே இரவில் இலையின் பாதி காணாமல் போனால் அது வேறு: ஆப்பிள் நத்தையில் சில இனங்கள் அப்படித் தின்னும்.

கேள்வி: பிடித்த நத்தைகளைக் கொல்ல மனமில்லை. அருகிலுள்ள குளத்தில் விடலாமா?

கூடாது. வாய்க்காலிலும் சாக்கடையிலும் கூட விடக் கூடாது. ஓர் இடத்துக்கு உரியதல்லாத நத்தை அங்கிருக்கும் இனங்களின் இடத்தைப் பறிக்கும், அதன் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளும் கூடவே போகும். கத்தரித்த செடிகளையும் அப்படியே வீசாதீர்கள், முட்டை ஒட்டியிருக்கும். வெயிலில் முழுதும் காயவைத்துக் குப்பையில் சேருங்கள். நத்தைகளை மூடிய பையில் கட்டி இரண்டு நாள் உறைபெட்டியில் வைத்தபின் அப்புறப்படுத்தலாம். பஃபர் மீன் வளர்க்கும் நண்பர் இருந்தால் உயிரோடே கொடுங்கள், மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார். தாமிர மருந்து போட்ட தொட்டியில் பிடித்தவற்றை மட்டும் யாருக்கும் தராதீர்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.